ஒரு மணித்தியாலம் முந்தி

வூப்பர்டாலில் மழை வருவதில்லை.
ஒக்டோபரில் வந்த விருந்தாளிபோல் குந்தியிருந்துவிட்டு
மார்ச்சில்தான் எழும்பும்,
அதுவும் அரைமனதாய்.

எனக்கு எழுபத்துமூன்று.
இடது இடுப்பில் நீளமாய் ஒரு திருகாணி.
போன வருசம் ஈர இலை ஒன்றை மிதித்ததற்குக் கிடைத்தது.
மேப்பிள் இலை. நல்ல மஞ்சள்.
விழுந்து கிடந்து பார்த்தபோதும்
வடிவாய்த்தான் இருந்தது.

அதன்பிறகு வீடு முழுக்கச் சட்டம்.
குளியலறைச் சுவரில் பிடிகம்பி,
கிழமைக்கொருக்கால் சப்பாத்தின் அடியைப்
பெருவிரலால் தடவித் தேய்மானம் பார்த்தல்,
காய்ச்சல் ஊசி, வராத வெயிலுக்குப் பதிலாய்க் குளிசை.
தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடி என்கிறார் டொக்டர்.
யன்னலுக்கு வெளியே இவ்வளவு தண்ணீர் கிடக்க
தாகம் எங்கிருந்து வரும் எனக்கு?

எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு.
படிக்கட்டின் அடியில், மஞ்சள் வீட்டில்
ஹெர் டொம்ப்ரோவ்ஸ்கி. எண்பத்தொன்று.
நாடா நெசவாலையில் நாற்பது வருசம்;
ஒரு காதைத் தறியே வைத்துக்கொண்டது.
எட்டு மணிக்குள் அவர் தன் யன்னல் தட்டியை உயர்த்த வேண்டும்,
நான் என்னுடையதை.
உயராவிட்டால் மற்றவர் போய்ப் பார்க்க வேண்டும்.
சாவியும் மாற்றிக்கொண்டோம்.

என்னை அவர் ஃபிராவ் அன்னலிங்கம் என்பார்.
செத்துப்போன மனுசனின் பேர்.
அதையும் யாராவது கூப்பிடத்தானே வேண்டும்,
திருத்தவில்லை.

ஞாயிறு. எட்டு இருபது.
அவர் தட்டி கீழே.
தொலைபேசி அடித்தது, அடித்தது.

தொண்ணூற்றாறு படி.
நெஞ்சு ஓடு என்றது.
இடுப்பு கேட்டது:
நீயும் விழுந்தால்
யாருடைய யன்னலை யார் பார்ப்பது?

குடை வேண்டாம், அது ஒரு கையைத் தின்னும்.
மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டு
கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
பக்கவாட்டில், நண்டு மாதிரி,
இலையில்லாத இடம் பார்த்துப் பார்த்து.
ஒருவர் செத்துக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்போடு
இவ்வளவு ஆறுதலாய் நான் எங்கும் போனதில்லை.
செல்லடிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கால் இது.
அப்போது ஓடினால் உயிர்.
இப்போது ஓடாவிட்டால்.

அறுபதாவது படியில் மழை கூடியது.
நின்றேன், மூச்சும் வந்து சேரட்டும் என்று.
எழுபது.
எண்பத்தொன்று, அவர் வயசு,
அதில் மட்டும் கொஞ்சம் வேகமாய் இறங்கிவிட்டேன்.

சாவி போடமுதலே கதவு திறந்தது.
கோடு போட்ட இரவுடுப்பு. பல்லில்லாத வாய்.
உயிரோடு, கோபத்தோடு:
"ஃபிராவ் அன்னலிங்கம், மணி ஏழரை!"

இரவு நேரம் மாற்றியிருக்கிறார்கள்.
நாடு முழுக்க முள்ளைப் பின்னுக்கு இழுத்ததை
என் சுவர் மணிக்கூட்டுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிறகுதான் அவர் என் காலைப் பார்த்தார்.
துவாய் ஒன்று வந்தது.
அவருடைய கம்பளிக் காலுறையும் வந்தது,
ஒன்று நீலம், மற்றது சாம்பல்.
என்னுடையது ஹீட்டரில் ஆவி விட்டுக்கொண்டிருக்க,
சும்மா கிடைத்த மணித்தியாலத்தில் மிச்சமிருந்ததைக்
கோப்பியோடு குடித்தோம்.
அதிகம் கதைக்கவில்லை.
எட்டு மணியானதும் எழும்பிப் போய்
நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதையும் பாராமல்
முறைப்படி தட்டியை உயர்த்தினார்.
மேலே என் யன்னல்
எப்போதோ திறந்து, ஆளில்லாமல் தெரிந்தது.

பின்னேரம் ரொறொன்ரோவிலிருந்து மகள்:
"அம்மா, இந்த மழைக்குள்ள வெளியில போகேல்லத்தானே?"

"இல்லை" என்றேன்,
நீலக் காலைச் சாம்பல் காலுக்கு மேல் போட்டுக்கொண்டு.